வீரபாண்டியில் நாங்கள் கேட்ட கடைசிக் கேள்வி

கையில் இருக்கும் வினாத்தாளை முதலில் மூடி வையுங்கள். அடுத்த வாரம் நீங்கள் நால்வரும் களத்துக்குக் கிளம்புகிறீர்கள், புதுப் பேனா, புதுச் செருப்பு எல்லாம் வாங்கியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார். மாதிரி எடுப்பதும் சராசரி போடுவதும் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றை நான் தொடப் போவதில்லை. நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு வந்த பிறகு அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் தலை நரைத்த அனுபவசாலி இல்லை. உங்களைவிட ஏழெட்டு வருஷம் முன்னால் இதே பஸ்ஸில் ஏறியவன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஏழெட்டு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்னும் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. இதைக்கூடப் பாதி நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

அப்போது நம் துறையில் பேராசிரியர் ஒருவர் இருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், பேராசிரியர் என்றே வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் கணக்குப் பதிவியலும் வங்கிச் சட்டமும் நடத்திக்கொண்டிருக்க, அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: மனிதன் எதை நம்பித் தன் காசை இன்னொருவன் கையில் கொடுக்கிறான்? நான் எம்.காம். முடித்துச் சேர்ந்த முதல் வாரமே கோயம்புத்தூரில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். மில் பங்குகள் கைமாறும் இடம் அது. பெஞ்சில் உட்கார், வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் கவனி என்றார்.

மில்லின் லாப நஷ்டத்தைக் கேட்பார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மதியச் சாப்பாடு வரை ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. "நேத்து ஆருங்க வாங்குனாங்க?" இது ஒன்றுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. வாங்கியவர் பெரிய புள்ளி என்றால் இவர்களும் வாங்கினார்கள். விற்றவர் பெரிய புள்ளி என்றால் போன வாரம் ஆசையாக வாங்கியதையும் விற்றுவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எம்.காம். வரை படித்த எதையும் இந்த மனிதர்கள் படிக்கவில்லை போலிருக்கிறதே என்று பேராசிரியரிடம் சொன்னேன். அதனால்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றார்.

பங்குத் தரகரிடம் வருகிறவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை, மீதிப் பேரின் பங்குச் சந்தை ஏலச் சீட்டுதான் என்பது பேராசிரியரின் கட்சி. திருப்பூர்ப் பக்கம் அப்போது பனியன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமை கூலி வாங்குகிற கைகளில் கொஞ்சம் மிஞ்ச ஆரம்பித்த நேரம். மிஞ்சியது பாங்குக்குப் போகவில்லை, சீட்டுக்குப் போயிற்று. எனவே நாங்களும் சீட்டைத் தேடி, திருப்பூருக்குத் தெற்கே வீரபாண்டிக்குப் போனோம்.

சீட்டு தெரியாதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் நான் பார்த்த சீட்டைச் சொல்லிவிடுகிறேன். நடத்தியவர் தெய்வானையக்கா. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கணவரோடு சேர்ந்து வீட்டை ஒட்டிய ஷெட்டில் இரண்டு நிட்டிங் மிஷின் போட்டிருந்தார். இருபது பேர், மாதம் ஐம்பது ரூபாய், மொத்தம் ஆயிரம். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வீட்டு முன்னறையில் முருகன் படத்தின் முன்னால் விளக்கேற்றி ஒரு பித்தளைத் தாம்பாளம் வைப்பார்கள். ஒவ்வொருவரும் வந்து ஐம்பதைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுத்தான் பாயில் உட்கார வேண்டும், அது அங்கே வழக்கம். பிறகு ஏலம். பணம் அவசரமாக வேண்டியவர், ஆயிரத்தில் இவ்வளவைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்பார். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையை இருபது பேரும் பங்கு போட்டுத் தாம்பாளத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எடுத்தவரும் கடைசி மாதம் வரை கட்டிவர வேண்டும். சாதாரண மாதங்களில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் யாரும் தள்ளியதில்லை.

எங்கள் வினாத்தாளை நாங்கள் அவ்வளவு ரசித்துத் தயாரித்திருந்தோம். எதற்காகச் சேர்ந்தீர்கள், எப்போது எடுப்பீர்கள், எடுத்து என்ன செய்வீர்கள் என்று அழகாகப் போய், கடைசியில் பேராசிரியரின் செல்லக் கேள்வி வரும்: 'உங்கள் சீட்டை நடத்துபவர் ஒருவேளை பணத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' நம்பிக்கையின் ஆழத்தை அளக்கும் கேள்வி என்பார். வார்த்தைகளுக்கு மெருகேற்றியது நான்.

ஏலத்துக்கு முந்தின ஞாயிறு, அக்கா தவிர மற்றப் பத்தொன்பது பேர் வீட்டுக்கும் நான் தனியாகப் போனேன். மக்கள் சந்தோஷமாகப் பேசினார்கள். மோர் கொடுத்தார்கள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நின்றது. பனியனில் பிசிறு வெட்டும் வேலை செய்த சரசு என்ற பெண், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ஓடிப்போயிட்டாங்களா சார்?" என்று கேட்டாள். இல்லம்மா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன் என்றேன். "ஒரு பேச்சுக்குக் கேக்கறதுக்கா பேரெல்லாம் எழுதிக்கிறீங்க?" என்றாள்.

இங்கேதான் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும். அந்த மௌனம் எனக்கு ஒரு கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. வரிசையாகப் 'பதிலில்லை, பதிலில்லை' என்று குறித்துக்கொண்டு, பத்தொன்பது பேரும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்களே என்று பஸ்ஸில் துள்ளிக்கொண்டு திரும்பினேன். பேராசிரியரும் துள்ளினார்.

அடுத்த ஞாயிறு ஏலத்தைப் பார்க்க இருவரும் போனோம். கூட்டம் வாசல் தாண்டி நின்றது. வழக்கமாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காசு கொடுத்தனுப்புகிறவர்கள்கூட நேரில் வந்திருந்தார்கள். சீட்டில் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். எங்களுக்கோ பேரானந்தம். பேராசிரியர் என் காதில், எத்தனை ஆர்வம் பார்த்தாயா என்றார். உள்ளே போனோம். விளக்கு எரிந்தது. தாம்பாளம் காலியாக இருந்தது. பத்தொன்பது பேர் பாயில் உட்கார்ந்திருக்க, ஒருவர்கூடக் காசு வைக்கவில்லை.

தெய்வானையக்கா என்னைப் பார்த்துவிட்டு ஷெட்டுப் பக்கம் நடந்தார். பின்னாலேயே போனேன். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. அவர் பேசியது மரியாதை குறையாத குரலில்.

"ஏனுங்க சார், நான் ஓடிப்போனா என்ன பண்ணுவீங்கன்னு ஊடு ஊடாக் கேட்டுப்போட்டுப் போயிருக்கீங்க. நான் எங்கீங்க ஓடறது? மடத்துக்குளம் தாண்டினா எனக்கு வழியே தெரியாது."

அவர் இரண்டாவது மிஷினின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "முதல் மாசச் சீட்டு என்னதுங்க. அதுல வாங்குனது இது. மத்த மாசத்துக் காசெல்லாம் எடுத்தவங்க அன்னைக்கே ஊட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. எங்கையில பத்துப் பைசா தங்கறதில்லை. ஓடறதுன்னா இந்த மிஷினைத் தூக்கிட்டுத்தாங்க ஓடோணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீட்டில் பணம் நடத்துபவரிடம் தங்குவதே இல்லை! எங்கள் கேள்வியே தப்பு. அவர் ஓடினால் சீட்டு உடையாது, மற்றவர்கள் கட்டாமல் நின்றால்தான் உடையும். அவர்கள் கட்டாமல் நின்றதற்குக் காரணம், கோயம்புத்தூர்க் காலேஜிலிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனதுதான். காலேஜ்காரனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் வருவான்? இன்று தாம்பாளம் நிறையாவிட்டால் ஏலம் எடுத்தவருக்குக் கொடுக்கப் பணமில்லை. கொடுக்கவில்லை என்றால் வதந்தி உண்மையாகிவிடும். ஏற்கெனவே எடுத்தவர்களும் இனிக் கட்ட மாட்டார்கள். அத்தனை பேரும் அக்காவைப் பிடிப்பார்கள், மிஷின் போகும், வீடு போகும். அக்கா இதையெல்லாம் எனக்கு விளக்கவில்லை. மிஷின் மேல் இருந்த கையை எடுக்கவே இல்லை, அது போதுமாக இருந்தது.

நான் திரும்பி வருவதற்குள் பேராசிரியர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். அது வெறும் கற்பனைக் கேள்வி, ஆராய்ச்சிக்காகக் கேட்டது, இந்தச் சீட்டைப் பற்றி எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்று நல்ல தமிழில், வகுப்பில் பேசுவது போலவே தெளிவாகச் சொன்னார். முன்வரிசையில் சுப்பிரமணி என்கிற கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கத்தரியைவிட வாய் வேகம் அவருக்கு.

"கற்பனைக் கேள்விக்கு எதுக்குங்க பஸ் ஏறி வந்தீங்க? உங்க ஊட்லயே உக்காந்து கேட்டுக்கலாமுங்களே."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எங்களுக்குச் சாதகமானதல்ல. பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். மறுக்க மறுக்க வதந்தி கொழுக்கும் என்று எழுதியவர் அவர். அன்றைக்கு அவருக்கே அது மறந்துபோயிற்று.

மாஸ்டர் முதலில் ஏலம், பிறகு காசு என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அக்கா வேறு வழியில்லாமல் ஏலத்தை ஆரம்பித்தார். இருநூறு தள்ளுகிறேன் என்றார் ஒருவர், எடுத்த எடுப்பிலேயே. இருநூற்றைம்பது. முந்நூறு. அடுத்த மாதம் இந்தச் சீட்டு இருக்குமோ இருக்காதோ, கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம். பயம் இப்படி விலையாக மாறி, பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் வாயிலிருந்து எண்களாக வருவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பாதி நேரம் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் நானூறு என்றார், அதற்கு மேல் யாரும் போகவில்லை. ஆயிரத்தில் நானூறு போனால் போகட்டும், அறுநூறு போதும் என்கிறார்.

அக்கா, "ஒருதரம்" என்றார்.

அப்போது சரசு எழுந்தாள். ஏலமெல்லாம் தனக்கு வேண்டாம், இதுவரை கட்டியது திரும்ப வந்தால் போதும், அக்கா இப்போதே கொடுத்துவிடட்டும் என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் அத்தனை பேர் தலையும் அக்கா பக்கம் திரும்பியது. கொடுத்தால் இன்னும் சீட்டு எடுக்காத அத்தனை பேரும் கேட்பார்கள். கொடுக்க முடியாது என்றால் காலேஜ்காரன் சொன்னது சரி. எந்தப் பக்கம் போனாலும் கிணறு.

என்ன செய்வது என்று யோசிக்க நேரமிருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வார்த்தை இங்கே செல்லாது என்பது பேராசிரியர் பேசியபோதே தெரிந்துவிட்டது. தரகர் அலுவலகத்துப் பெஞ்சில் காதில் விழுந்ததுதான் மண்டைக்குள் ஓடியது. இவர்களுக்கு விளக்கம் வேண்டாம், யார் வாங்குகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒன்றாம் தேதிச் சம்பளம் கவரோடு சட்டைப் பையில் இருந்தது.

"உங்க இடத்தை எனக்குக் கொடுங்கம்மா, நீங்க கட்டுனது பூராவும் நான் தர்றேன்" என்றேன்.

சீட்டில் ஒருவர் இடத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்வது புதிதல்ல, நடத்துபவர் சம்மதித்தால் சரி. அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தலையசைத்தார். பேராசிரியர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், துணி கிழிகிற மாதிரி. நான் எண்ணிக் கொடுத்தேன். இருநூறுக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. சம்பளத்தில் முக்கால்வாசி. மீதியிலிருந்து ஐம்பதை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, பாயில் சரசு எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

தாம்பாளத்தில் அது ஒன்றுதான் கிடந்தது. நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும், ஆனால் என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். மாஸ்டர் நானூறு தள்ளியிருக்கிறார், அப்படியானால் இதில் எனக்கு இருபது ரூபாய் திரும்ப வரும், சரிதானே என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஆமாங்க, ஆளுக்கு இருவது" என்றார் அவர்.

அங்கே இருந்த யாருக்கும் தெரியாத கணக்கா அது? எனக்குச் சீட்டுக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தான். பயம் அதை மூடிவைத்திருந்தது, அவ்வளவுதான். ஐம்பது வைத்தால் இருபது உடனே திரும்புகிற மாதம் அந்தச் சீட்டில் அதுவரை வந்ததில்லை. பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், காலேஜ்காரர் சம்பளக் கவரையே எடுத்துவிட்டார் என்றார். ஏதோ தெரிந்துதான் வாங்குகிறார் என்றார் மற்றவர். கவனியுங்கள், போன வாரம் முழுக்க ஊரைக் கெடுத்த அதே நியாயம்! காலேஜ்காரனுக்கு ஏதோ தெரியும். அப்படியே இருந்துகொண்டு, திசையை மட்டும் மாற்றிக்கொண்டுவிட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஓவர்லாக் டைலர் ஒருவர் வந்து ஐம்பதை வைத்தார். பிறகு அவர் மைத்துனர். பிறகு வரிசை.

மாஸ்டர்தான் மாட்டிக்கொண்டார். நானூறு தள்ளியவர் அவரல்லவா? எல்லோரும் லாபம் பார்க்கிற மாதத்தில் அந்த லாபம் அவர் பையிலிருந்து போகிறது. "அக்கா, அவசரத்துல வாய்ல வந்துருச்சு. எல்லாருந்தான் கட்டறாங்களே, இன்னொருக்கா முதல்ல இருந்து ஏலம் உடுங்க" என்றார்.

நான் அக்காவாக இருந்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். மாஸ்டர் அந்த ஏரியாவில் பெரிய வாய். பகைத்துக்கொண்டால் நாளைக்கே வேறு கதை கட்டுவார். கூட்டமும் இப்போதுதான் அடங்கியிருக்கிறது. அக்கா தாம்பாளத்தை ஒரு தரம் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"ஒருதரம் சொல்லிப்போட்டேனுங்க மாஸ்டர். உங்களுக்காக மாத்துனா நாளைக்கு எனக்காகவும் மாத்துவேன்னு இவங்க நெனப்பாங்க." பிறகு குரலை உயர்த்தாமல், "ரெண்டுதரம். மூணுதரம்" என்றார்.

அறுநூறை எண்ணி அவர் கையில் வைத்தார். மாஸ்டர் வாங்கிக்கொண்டு, இந்த வருஷம் பூராவும் தான் பேசாமல் இருந்தால்தான் விட்ட நானூறைத் திரும்பச் சம்பாதிக்க முடியும் என்றார். இந்த முறை சிரிப்பு நல்ல சிரிப்பு. தாம்பாளத்திலிருந்து நான் என் இருபதை எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சீட்டு கடைசி மாதம் வரை ஓடியது. ஒருவர்கூடக் கட்டாமல் நிற்கவில்லை, மாஸ்டர் உட்பட. மிஷின் ஷெட்டிலேயே இருந்தது. அதைக் காப்பாற்றியது என் ஐம்பது ரூபாய் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. என் பணம் அன்றைக்கு ஒரு மணி நேரத்தை வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களை அக்கா சொன்ன அந்த 'மூணுதரம்' வாங்கிக் கொடுத்தது.

சரசுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் பயந்து ஏமாந்துவிட்டாள் என்று அடுத்த மாதம் அவளிடமே பரிதாபப்பட்டுப் பேசினேன். அவள் பிசிறு வெட்டிக்கொண்டே, அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னாள். நம் பாடப் புத்தகங்களில் லாபத்துக்கு ஒரு பத்தி உண்டு, நஷ்டத்துக்கு ஒரு பத்தி உண்டு. தூக்கத்துக்குப் பத்தி இல்லை. இடமிருந்தால் நீங்கள் சேர்த்துவிடுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் பேராசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சிக்குப் போனவன் சீட்டில் சேர்ந்துவிட்டாய், இனி வீரபாண்டியில் எடுத்த ஒரு தாளையும் பயன்படுத்த முடியாது, ஆறு மாத உழைப்பு போயிற்று என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். என் முனைவர் பட்டத்துக்கு வைத்திருந்த ஊர் அது. பிறகு நான் குண்டடம் பக்கம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது, அங்கே அந்தக் கடைசிக் கேள்வி இல்லாமல். அக்காவை நம்பி வாங்கினாயா, கூட்டத்தை நிறுத்த வாங்கினாயா என்றும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான்.

பல்லடம் வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் இன்னும் திட்டு பாக்கியிருக்கிறது என்று காத்திருந்தேன். பல்லடத்தில் பஸ் நின்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அந்த இடத்துல பாதி எனக்குக் கொடுப்பியா?"

என் லாபத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார், வழி நெடுக. காலித் தாம்பாளத்தின் முன்னால் நின்று அவ்வளவு தெளிவாகப் பேசிய மனிதர், அவர் எழுதிய கட்டுரைகளில் எச்சரித்த அத்தனையும் தெரிந்தவர், பக்கத்து இருக்கைக்காரன் வாங்கிவிட்டான் என்பதற்காகப் பாதி கேட்கிறார்.

கொடுத்திருப்பேன். அவருக்கு இல்லாததா? ஆனால் சந்தோஷத்தில் எனக்கு அன்று வாய் கொஞ்சம் நீண்டிருந்தது. "யாராவது ஒருத்தர் வெளியே நின்னு பார்க்கணுமே, சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, என் பெயர், வயது, தொழில், சீட்டில் சேர்ந்த காரணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.